புள்ளியும் போர்க்களமும்

ஆசிரியத் தொழிலிலே நாம் நாள்தோறும் செய்யும் காரியங்களுள், புள்ளியிடுதலைப் போல எளிதாகத் தோன்றுவதும், அதனைப் போலப் பாரதூரமான விளைவுகளை உடையதும் பிறிதொன்றில்லை. விடைத்தாளின் ஓரத்திலே சிவப்பு மையினால் ஓர் எண்ணை எழுதுகின்றோம். அந்த எண், மாணவன் குறித்த ஒரு நாளில், குறித்த சில வினாக்களுக்கு எழுதிய விடைகளைப் பற்றி நாம் கொண்ட கருத்து மட்டுமே. ஆயின் அது நம் கையைவிட்டு நீங்கியதும் வேறொன்றாகி விடுகிறது. பெறுபேற்றுப் பட்டியலில் ஏறுகிறது; பிற எண்களோடு கூட்டப்பட்டுச் சராசரியாகிறது; சராசரி வரிசையாகிறது; வரிசை ஒருவனை உள்ளே இருத்தவும் வெளியே தள்ளவும் வல்ல சட்டமாகிறது. அச்சட்டத்தை யார், எந்த நோக்கத்துக்காகக் கையாளுகிறார்கள் என்ற வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பாதிருக்க முடியாத ஒரு நிலை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகங்களில் உருவாயிற்று. அவ்வரலாற்றை ஈண்டு எடுத்து நோக்குவோம்.

மாணவரை வரிசைப்படுத்தும் வழக்கம் மிகப் பழையதன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதச் சிறப்புப் பரீட்சையில் தேறியோர் முதல்வன் தொடங்கிக் கடையன் ஈறாகப் பெயர் வரிசையில் அறிவிக்கப்பட்டனர். முதல் வகுப்பில் தேறியவர்கள் ‘ராங்லர்’ எனப்பட்டனர். முதலிடம் பெற்றவனின் புகழ் நாடெங்கும் பரவிற்று. சிறப்பு நிலையில் கடைசியாக வந்தவனுக்குச் சக மாணவர்கள் மரத்தாலான பெரிய அகப்பை ஒன்றைப் பரிசளித்து எள்ளி நகையாடினர். 1890ஆம் ஆண்டிலே பிலிப்பா ஃபோசெற் என்னும் பெண் முதல் ராங்லரிலும் கூடிய புள்ளி பெற்றார். எனினும் பெண் என்ற காரணத்தால் அவர் பெயர் அவ்வரிசையிற் சேர்க்கப்படவில்லை, பட்டமும் வழங்கப்படவில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்க 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அறிவை அளப்பதாகச் சொல்லிக்கொண்ட வரிசை, அளப்பதற்கு முன்பே யாரை அளப்பதில்லை என்று தீர்மானித்திருந்தது. அந்த வரிசை முறை 1909ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது.

இதே காலத்தில் நம்மவர் ஒருவரின் வரலாறும் நினைவுக்கு வருகிறது. கணித மேதை இராமானுஜன் 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் புலமைப்பரிசில் பெற்றுச் சேர்ந்தார். கணிதத்தில் ஆழ்ந்து பிற பாடங்களைக் கைவிட்டமையால் பரீட்சையில் தவறினார், புலமைப்பரிசிலை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் அதே காரணத்தால் மீண்டும் தவறினார். எல்லாப் பாடங்களிலும் குறித்த புள்ளியைப் பெறாதவனுக்குக் கல்லூரியில் இடமில்லை என்ற விதி, அதன் சொற்படி சரியாகவே நிறைவேற்றப்பட்டது. அவ்விதியால் வெளியே நின்ற மனிதனை இனங்கண்ட ஹார்டி, தாமே நான்காம் ராங்லராக வந்தும் அந்த வரிசைப் பரீட்சையைக் கடுமையாக எதிர்த்தவர் என்பது இங்கு நோக்கத்தக்கது.

அமெரிக்காவிலோ வேறு வகையான வளர்ச்சி நிகழ்ந்தது. 1785இல் யேல் கல்லூரித் தலைவர் எஸ்றா ஸ்ரைல்ஸ் தம் மாணவரை இலத்தீன் பெயர் கொண்ட நான்கு தரங்களாகப் பிரித்துக் குறித்து வைத்தார். 1897இல் மவுண்ட் ஹோலியோக் என்னும் பெண்கள் கல்லூரி, புள்ளிகளை எழுத்துக்களால் குறிக்கும் முறையை மேற்கொண்டது. ஏ, பீ, சீ என்ற இவ்வெழுத்துக்களே பின்னர் உலகின் பல பாகங்களுக்கும் பரவின. ஒருவன் தன் பட்டத்துக்கு ஒரு பாடத்தைச் சிறப்பாகத் தெரிந்து கற்க வேண்டும் என்ற ஏற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றியது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் அதற்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று. 1909இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத் தலைவரான லோவெல், மாணவர் விருப்பம்போல் எதையும் கற்கலாம் என்றிருந்த நிலையை மாற்றி, ஒரு துறையிலே ஆழ்ந்து கற்பதைக் கட்டாயமாக்கினார். அதனோடு ஒரு விதியும் பொதுவழக்காயிற்று. மாணவனின் சராசரி ஒரு குறித்த அளவுக்கு, பெரும்பாலும் ‘சீ’ தரத்துக்கு, கீழே விழுந்தால் அவன் எச்சரிக்கப்படுவான். அடுத்த தவணையிலும் உயராவிட்டால் சிறப்புப் பாடத்திலிருந்தோ கல்லூரியிலிருந்தோ நீக்கப்படுவான்.

இவ்விதியைக் கண்ணை மூடிக்கொண்டு குறைகூறுவதற்கில்லை. ஒரு துறையின் அடிப்படையை அறியாதவன் அதன் உச்சிக்கு ஏற முடியாது. அவனை ஏறவிடுவது அவனுக்கும் நன்மை பயப்பதன்று. நல்ல ஆசிரியன் கையில் இவ்விதி, இடர்ப்படும் மாணவனைக் காலத்தோடு கண்டு கைகொடுக்கும் கருவியாகும். விதி கல்லூரியின் வீட்டுக் காரியமாக இருந்தவரை அதன் நன்மையும் தீமையும் கல்லூரி மதிலுக்குள்ளேயே நின்றன. அம்மதிலைத் தாண்டி அரசாங்கம் கைநீட்டி அந்த எண்ணை எடுத்துக்கொண்டபோதே நிலைமை மாறிற்று.

1948இல் அமெரிக்காவிற் கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. 1950இல் கொரியப் போர் மூண்டதும் இளைஞர் பெருந்தொகையாகத் தேவைப்பட்டனர். அதேவேளை எதிர்காலத்துக்கு வேண்டிய விஞ்ஞானிகளும் பொறியியலாளரும் போரில் மாண்டுவிடக் கூடாது என்ற கவலையும் ஆட்சியாளருக்கு இருந்தது. எனவே 1951 மார்ச் இறுதியில் ஜனாதிபதி ட்ரூமன் ஓர் ஆணை பிறப்பித்தார். அதன்படி, வகுப்பு வரிசையில் உயர்ந்த இடத்தில் நிற்கும் மாணவனுக்கும், அதற்கெனத் தனியே நடத்தப்படும் தேசியப் பரீட்சையில் 70 புள்ளி பெறும் மாணவனுக்கும் இராணுவ சேவை ஒத்திவைக்கப்படலாம். முதற் பரீட்சை 1951 மே 26இல் நடைபெற்றது. அதன் பெறுபேறுகளை ஆராய்ந்தபோது, நாட்டின் ஒரு பகுதிக்கும் மறுபகுதிக்குமிடையே பெரும் வேற்றுமை காணப்பட்டது. தென்மாநில மாணவர்கள் பின்தங்கி நின்றனர். பாடத்துக்குப் பாடமும் வேற்றுமை இருந்தது. பொறியியலும் பௌதிக விஞ்ஞானமும் கற்றோர் பெருமளவிற் தேறினர். ஆசிரியராவதற்குக் கல்வியியல் கற்றோர் மிகக் கீழே நின்றனர். நாளைய குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க வேண்டியவன் போர்க்களத்துக்கு முதலில் அனுப்பத்தக்கவன் என்பதே அந்த அளவுகோல் சொன்ன தீர்ப்பு. கொரியப் போர் முடிந்தபின் ஆட்தேவை குறைந்தது. 1960களின் முற்பகுதியில் இவ்வளவுகோல்கள் வழக்கொழிந்தன.

அவை மீண்டும் உயிர்பெற்றமைக்கு வியட்நாம் காரணமாயிற்று. 1965 யூலை 28இல் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன், மாதந்தோறும் கட்டாயமாகச் சேர்க்கப்படுவோர் தொகை 17,000இலிருந்து 35,000 ஆக உயரும் என அறிவித்தார். திருமணமாகாத, கல்லூரியில் இல்லாத இளைஞர் மட்டும் இத்தொகைக்குப் போதாமற் போகலாம் என்ற அச்சம் எழுந்தது. ஆட்சேர்ப்பு இலாகாவின் தலைவராயிருந்த தளபதி ஹேர்ஷி, 1966இன் தொடக்கத்தில் பழைய அளவுகோலை மீண்டும் எடுத்தார். முதலாம் ஆண்டை முடித்தவன் தன் வகுப்பின் மேற்பாதியில் நிற்க வேண்டும். இரண்டாம் ஆண்டு முடித்தவன் மேல் மூன்றில் இரண்டு பங்கினுள் நிற்க வேண்டும். மூன்றாம் ஆண்டு முடித்தவன் மேல் நான்கில் மூன்று பங்கினுள் நிற்க வேண்டும். பட்டமேற்படிப்பை நாடுபவன் மேற்காற்பங்கில் நிற்க வேண்டும். இல்லாவிடின் பரீட்சையில் 70 புள்ளியும், பட்டமேற்படிப்புக்கு 80 புள்ளியும் பெறவேண்டும். 150 வினாக்கள் கொண்ட அப்பரீட்சை 1966 மே 14, மே 21, யூன் 3 ஆகிய நாட்களில் நடைபெற்றது. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர் அதனை எழுதினர்.

இந்த அளவுகோலின் உள்ளமைப்பைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். ‘சீ’ தரத்தைப் பெறு என்று கல்லூரி சொன்னால், ஒரு வகுப்பிலுள்ள நூறு பேரும் அதைப் பெறக்கூடும். மேற்பாதியில் நில் என்று அரசு சொல்லும்போதோ, நூறு பேரும் எவ்வளவு முயன்றாலும் ஐம்பது பேர் கீழ்ப்பாதியில் நின்றே ஆகவேண்டும். ஒருவனின் உயர்வு மற்றொருவனின் வீழ்ச்சியாகின்றது. பக்கத்து ஆசனத்தில் இருப்பவனுக்குப் பாடம் விளக்கிச் சொல்பவன் தன் பாதுகாப்பையே குறைத்துக்கொள்கிறான். நூலகத்திலிருந்து ஒரு நூலை இரவல் எடுப்பதும் போட்டியாகின்றது. வரிசை ஆண் மாணவரிடையே மட்டும் கணிக்கப்பட்டமையால், பெண்களின் கல்வித் திறன் முன்னர் கேம்பிரிட்ஜில் நிகழ்ந்தது போலவே கணக்கிலிருந்து நீங்கிற்று. சிறந்த கல்லூரியிற் கடையனாக நிற்பவன் போருக்கு. எளிய கல்லூரியில் முதல்வனாக நிற்பவன் வீட்டுக்கு. கடினமான பாடத்தைத் துணிந்து எடுப்பது அறிவீனமாயிற்று.

வர்க்க வேற்றுமையும் இதனுள் மறைந்திருந்தது. ஒத்திவைப்புப் பெற முழுநேர மாணவனாகவும், காலந்தவறாது முன்னேறுபவனாகவும் இருக்க வேண்டும். பகலில் தொழிற்சாலையில் உழைத்து இரவில் இரண்டு பாடங்களை மட்டும் கற்கும் ஏழை இளைஞனுக்கு இந்தக் குடையின் கீழ் இடமில்லை. கல்லூரிக்கே செல்ல வகையற்றவனைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. இறுதித் தீர்ப்பை வழங்கிய உள்ளூர்ச் சபைகள் நாடெங்கும் ஏறத்தாழ நாலாயிரம் இருந்தன. அவற்றின் உறுப்பினருள் கறுப்பினத்தவர் 1966இல் நூற்றுக்கு 1.3 பேர் மட்டுமே என அரசு நியமித்த ஆணைக்குழுவே கண்டறிந்தது. அக்காலத்தில் மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்குப் பதினொருவராயிருந்தனர். போரின் தொடக்க ஆண்டுகளில் மாண்டோருள் அவர்களின் பங்கு அதனினும் மிகக் கூடியதாயிருந்தது.

இலாகாவின் உள்நோக்கம் ஊகிக்க வேண்டியதொன்றன்று. அவர்களே அதனை எழுதி வைத்திருந்தனர். 1965 யூலை மாதத்திய ஒரு குறிப்பேட்டில், ஆட்சேர்ப்பின் வேலை படைக்கு ஆள் சேர்ப்பது மட்டுமன்று, அச்சத்தைப் பயன்படுத்தி இளைஞரை நாட்டுக்குப் பயனுள்ளவை எனக் கருதப்படும் கல்விக்கும் தொழிலுக்கும் திருப்பிவிடுவதுமாகும் என்ற கருத்து வெளிப்படையாகவே விளக்கப்பட்டிருந்தது. 1967இன் இறுதியில் ஒரு சஞ்சிகை அதனை வெளியிட்டபோது மாணவர் உலகம் கொதித்தெழுந்தது. தாம் விரும்பித் தெரிந்ததாக எண்ணியிருந்த சிறப்புப் பாடத்தைத் தெரிந்தது தாமா, தமக்குப் பின்னே நின்ற துப்பாக்கியா என்ற ஐயம் பலருக்கு அப்போது எழுந்தது.

எதிர்ப்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1966 மே மாதத்திற் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கான மாணவர் நிர்வாகக் கட்டடத்தினுட் புகுந்து பல நாட்கள் அமர்ந்திருந்தனர். அவர்கள் கேட்டது ஒன்றே: எங்கள் வரிசையை இராணுவத்துக்குக் கொடாதீர்கள். மாணவன் விரும்பினால் அவனுடைய வரிசையை அனுப்புவது அவனுக்குச் செய்யும் உதவியே என்று நிர்வாகத்தினர் வாதிட்டனர். ஒருவனுக்குச் செய்யும் அவ்வுதவி, அவனுக்குக் கீழே நிற்பவனைக் காட்டிக்கொடுப்பதாகும் என்பது மாணவரின் மறுமொழி. விஸ்கொன்சினிலும் கோர்ணெலிலும் நியூயோர்க் நகரக் கல்லூரியிலும் இவ்வாறான போராட்டங்கள் நடந்தன. டெற்றோயிற் நகரிலுள்ள வேயின் மாநிலப் பல்கலைக்கழகம் வரிசையை வழங்குவதில்லை என முடிவு செய்தது. ஜனநாயக சமூகத்துக்கான மாணவர் என்னும் அமைப்பு, மே 14ஆம் திகதி பரீட்சை மண்டப வாயில்களில் நின்று, வியட்நாமைப் பற்றிய ஒரு மாற்று வினாத்தாளை இலட்சக்கணக்கில் விநியோகித்தது. உன்னைச் சோதிக்கும் அரசு, தான் நடத்தும் போரைப்பற்றி உனக்கு என்ன சொல்லியிருக்கிறது என்பதே அதன் உட்பொருள்.

ஆசிரியர் நிலை மேலும் இக்கட்டானது. ‘சீ’க்கும் ‘டீ’க்கும் இடையே தயங்கும் பேனா, இப்போது ஒருவனின் உயிருக்கும் இறப்புக்கும் இடையே தயங்கிற்று. சிலர் புள்ளியிடவே மறுத்தனர்; சிலர் எல்லோருக்கும் ‘ஏ’ வழங்கினர்; பலர், தம் தொழில் புள்ளியிடுவது, அதன் பின்விளைவு தம்மைச் சார்ந்ததன்று என்று கூறி அமைதி கொண்டனர். இம்மூன்றாம் வகையினரைத் தீயவர் எனல் பொருந்தாது. நேர்மையாகப் புள்ளியிடுதல் என்ற தொழில் அறத்தையே அவர்கள் காக்க முயன்றனர். ஆயின் கல்வியின் அறம் கல்விக்குள்ளேயே செல்லுபடியாவது. அறியாமைக்கு உரிய பரிகாரம் மீண்டும் கற்பித்தல். துப்பாக்கியை ஏந்தச் செய்தல் அன்று. பரிகாரம் மாறும்போது புள்ளியின் பொருளும் மாறிவிடுகிறது. நேர்மையான எண் என்று எதனை அவர்கள் எழுதினார்களோ அது ஓர் ஆணைப்பத்திரத்தின் பகுதியாகிவிட்டது.

போராடிய மாணவரிடையேயும் ஒரு கேள்வி எழுந்தது. அதனை மறைத்துச் செல்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. வரிசையைக் கொடாதே என்று முழங்கிய மாணவன், மாணவன் என்ற காரணத்தாலேயே பெற்ற ஒத்திவைப்பைத் தன் சட்டைப்பையில் வைத்திருந்தான். அவனுக்குப் பதிலாகச் சென்றவன் பண்ணையாளின் மகன், சுரங்கத் தொழிலாளியின் மகன், கறுப்பின இளைஞன். இந்த முரண்பாட்டை உணர்ந்தவர்கள் ஒத்திவைப்பையே துறந்தனர். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவர் தலைவராயிருந்த டேவிட் ஹரிஸ் அவர்களுள் ஒருவர். 1967இல் தோன்றிய எதிர்ப்பியக்கத்தை நிறுவியவர்களுள் ஒருவராகி, படையிற் சேர மறுத்து, 1969இற் சிறை சென்றார்.

அதே ஏணியின் மறு நுனியில் நிகழ்ந்ததையும் நோக்க வேண்டும். மேற்பாதி மாணவனைக் காத்த அதே 1966ஆம் ஆண்டில், பாதுகாப்புச் செயலாளர் மக்னமாரா வேறொரு திட்டத்தை அறிவித்தார். இராணுவத்தின் அறிவுப் பரீட்சையிற் தேறாது முன்னர் தள்ளப்பட்ட இளைஞரை ஆண்டுக்கு ஓர் இலட்சம் வீதம் சேர்த்துக்கொள்வது அத்திட்டம். அவர்களுக்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் கிடைக்கும், வறுமை நீங்கும் என்று சொல்லப்பட்டது. 1971 வரை ஏறத்தாழ 3 இலட்சத்து 54 ஆயிரம் பேர் இவ்வாறு சேர்க்கப்பட்டனர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பதளவினர் கறுப்பினத்தவர். ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒரு பரீட்சையில் மிகுந்த புள்ளி பெற்றவனைப் போரினின்று விலக்கிய அரசு, மற்றொரு பரீட்சையிற் குறைந்த புள்ளி பெற்றவனைப் போருக்குள் இழுத்தது. இவ்விரண்டையும் ஒருங்குவைத்துப் பார்த்தாலன்றி வரிசையின் முழு உருவம் நமக்குப் புலப்படாது.

1967 யூன் இறுதியில் நிறைவேறிய சட்டத்தோடு வகுப்பு வரிசையும் தேசியப் பரீட்சையும் கைவிடப்பட்டன. முழுநேரமாகக் கற்றுத் திருப்தியாக முன்னேறும் மாணவன் எவனும் பட்டம் பெறும்வரை, அல்லது 24 வயதுவரை, ஒத்திவைப்புப் பெறலாமாயிற்று. போட்டி நீங்கிற்று, ஆயினும் கல்லூரியினின்று நீக்கப்பட்டவன் படைக்கு உரியவனாகும் நிலை நீங்கவில்லை. பட்டமேற்படிப்புக்கு இருந்த பொது ஒத்திவைப்பு 1968இல் நிறுத்தப்பட்டது. 1969 டிசம்பர் 1இல் பிறந்த தேதியைக் கொண்டு சீட்டுக் குலுக்கும் முறை வந்தது. 1971இன் சட்டம் புதிய மாணவருக்குரிய ஒத்திவைப்பையும் நீக்கிற்று. 1973இற் கட்டாய ஆட்சேர்ப்பே முடிவுற்றது. அதுவரை, படைக்குரிய வயதினராயிருந்த ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் ஆண்களுள் 22 இலட்சம் பேர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டிருந்தனர். குலுக்குச் சீட்டுக்கு அறிவுமில்லை, அறமுமில்லை. ஆனால் நீ அறிவிலி, ஆதலின் போ என்று அது எவனையும் பார்த்துச் சொல்லவில்லை. மானிட மதிப்பின் நோக்கில், பேராசிரியரின் வரிசையிலும் குருட்டுச் சீட்டு மேம்பட்டது என்று ஒரு சமுதாயம் கருதும் நிலை வந்தமை கல்வி உலகுக்கு நேர்ந்த பெரிய அவமானம் என்றே சொல்ல வேண்டும்.

இவ்வரிசை எதிலும் ஒருபோதும் இடம்பெறாதவர்கள் வியட்நாம் மக்கள். 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கர் அப்போரில் மாண்டனர். 1995இல் வியட்நாம் அரசு வெளியிட்ட கணக்கின்படி அந்நாட்டுப் போராளிகள் 11 இலட்சம் பேரும், பொதுமக்கள் ஏறத்தாழ 20 இலட்சம் பேரும் மாண்டனர். அமெரிக்கக் கல்லூரிகளில் யார் மேற்பாதி, யார் கீழ்ப்பாதி என்ற விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, வயலில் நின்ற உழவனுக்கும் பள்ளியில் இருந்த குழந்தைக்கும் எந்தப் புள்ளியும் ஒத்திவைப்பை வழங்கவில்லை. யாரை அனுப்புவது என்ற வினாவை நுணுக்கமாக ஆராய்வதற்கு வரிசை பயன்பட்டது. ஏன் அனுப்புவது என்ற வினாவை மறைப்பதற்கும் அதுவே பயன்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து புள்ளியே வேண்டாம், பரீட்சையே வேண்டாம் என்ற முடிவுக்கு நாம் வரவேண்டியதில்லை. சிறப்புப் பாடத்தில் நிலைபெறுவதற்குத் தகுதி வேண்டும் என்பது நியாயமே. அத்தகுதி எதனை அளக்கிறது, தவறியவனுக்கு அடுத்து என்ன நேரும், அவன் தவறியமைக்கு வறுமையும் வேலைப்பளுவும் மொழியும் எவ்வளவு காரணம், அவனை மீண்டும் ஏற்றுவதற்கு யார் பொறுப்பு ஆகிய நான்கு வினாக்களுக்கும் விடையில்லாத எந்த விதியும் கல்வி விதியாகாது. அது வடிகட்டும் விதி மட்டுமே. வடிகட்டியை ஒருமுறை செய்து வைத்துவிட்டால், அதனை யார் கையில் எடுப்பார், எதற்குப் பயன்படுத்துவார் என்று செய்தவரால் உறுதி கூற முடியாது. 1785இல் தம் மாணவரைத் தரம் பிரித்து எழுதி வைத்த யேல் தலைவருக்கும், 1897இல் எழுத்துக்களால் தரம் வகுத்த பெண்கள் கல்லூரியினருக்கும், தம் முறையின் வழித்தோன்றல் ஒரு நாள் ஆட்சேர்ப்புச் சபையின் மேசையில் கிடக்கும் என்று கனவிலும் தோன்றியிராது.

ஆகவே, பெறுபேற்றுப் பட்டியலிற் கையொப்பமிடும் ஆசிரியனும், அப்பட்டியலில் தன் பெயரைத் தேடும் மாணவனும் இணைந்து கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. இந்த எண் இங்கிருந்து எங்கே போகிறது? அவ்வினாவைக் கேட்கும் உரிமை நிருவாகத்துக்கு மட்டும் உரியதன்று. சிக்காகோ மாணவர் 1966இல் தரையில் அமர்ந்து கேட்டதும் அதுவே. கேட்டவர்களாற் போர் நின்றுவிடவில்லை. ஆனால் ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அந்த வரிசை நின்றது.